1980 மோட்டோ குட்ஸி 1000 எஸ்பி: காலையில் சார்ஜ் ஆகிறது, மலையில் ஆகவில்லை

#1 | ஏரிக்கரை80 | ஞாயிறு இரவு 9:40

வணக்கம். மிலானில் இருக்கிறேன். மூன்று வருஷமாக மோட்டோ குட்ஸி 1000 எஸ்பி பைக் ஒன்று வைத்திருக்கிறேன், 1980 மாடல், 949 சிசி. முன்னால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங்கின் மேல் துண்டு ஹேண்டில்பாருடன் சேர்ந்து திரும்புமே, அந்த வண்டிதான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மின்சாரம்தான் உயிரை வாங்குகிறது.

இந்த வருஷம் மட்டும் இரண்டு பேட்டரி போயிருக்கிறது. முதல் பேட்டரி செத்ததும் பக்கத்தில் உள்ள எலெத்ராவுத்தோவிடம் கொண்டுபோனேன். இந்த ஊரில் வண்டி எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் பெயர். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார், 13.9 காட்டியது. "எல்லாம் சரி, பேட்டரிதான் பழசு" என்றார். புதுசு வாங்கினேன். நாலு மாதத்தில் அதுவும் படுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டேன். பலன் இல்லை.

நேற்று லெக்கோ தாண்டி 36-ஆம் நம்பர் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஏரிக்கரைச் சாலை முழுக்கச் சுரங்கப்பாதைகள். ஒன்றுக்குள் நுழைந்ததும்தான் கவனித்தேன்: சார்ஜ் விளக்கு சிவப்பாக, ரொம்ப மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் வெயிலில் தெரியவில்லை. அடுத்த சுரங்கத்தில் மறுபடி தெரிந்தது. இது எத்தனை மாதமாக இப்படி எரிகிறதோ, யாருக்குத் தெரியும்.

டேஷ்போர்டு வோல்ட் மீட்டர் 11.5 பக்கம் நின்றது. வீட்டுக்கு வந்து ஆறவிட்டுப் பார்த்தால் பழையபடி 13.9. மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.


#2 | ஓம்விதி | ஞாயிறு இரவு 10:25

பேட்டரி, ரெகுலேட்டர் என்று இரண்டு பொருள் வாங்கிவிட்டீர்கள், ஆனால் ஒரே ஒரு அளவைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் குளிர்ந்த எஞ்சினில் எடுத்தது. இனிமேல் அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ஒரு நல்ல மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் இருப்பதை நம்ப வேண்டாம், காரணம் அப்புறம் சொல்கிறேன். நேராகப் பேட்டரி முனைகளில் வையுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் எவ்வளவு? நல்ல பேட்டரி என்றால் 12.6-க்கு மேல் இருக்கும், 12.2 என்றால் பாதிதான். ஐட்லிங்கில் எவ்வளவு? 3000 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் போட்டும் போடாமலும் எவ்வளவு? 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சாவியைத் திருப்பும்போது, எஞ்சின் ஓடாத நிலையில், சார்ஜ் விளக்கு பளிச்சென்று எரிகிறதா, மங்கலாக எரிகிறதா?


#3 | சந்தேகசாமி | ஞாயிறு இரவு 11:02

லித்தியம் பேட்டரி போட்டுப் பார்த்தீர்களா? என் நண்பர் ஒருவர் மாற்றினார், அதற்கப்புறம் பிரச்சனையே வரவில்லை என்கிறார்.


#4 | காயில்காரர் | திங்கள் காலை 6:15

சாமி, ஓட்டைக் குடத்துக்குத் தங்க மூடி போட்ட கதையாகிவிடுங்க அது. சார்ஜே ஆகாத வண்டியில் எந்தப் பேட்டரி போட்டாலும் ஒரே முடிவுதான். லித்தியம் என்றால் கொஞ்சம் அதிகப் பணத்தோடு சாகும்.

நான் கோயமுத்தூர். முப்பது வருஷமாகச் செல்ஃப் மோட்டார், டைனமோ, ஆல்டர்னேட்டர் காயில் கட்டுகிறேன். குட்ஸியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வண்டியில், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்குவது பாஷ் 14 வோல்ட் 20 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், 280 வாட். அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ பாக்ஸரிலும் இதே சாதிதான். உள்ளே இருக்கும் சங்கதி காரில் வருவதுதான். "இத்தாலிய வயரிங்" என்று உலகமே திட்டுகிறது, பார்த்தால் ஆல்டர்னேட்டரே ஜெர்மன்காரனுடையது.

இதில் ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது வரும் பைக்குகளில் ரோட்டரே, அதாவது உள்ளே சுற்றும் பகுதியே, காந்தம், சுற்றினால் கரண்ட் வந்துவிடும். இதில் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதன் காயிலுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் காந்தமாகும், காந்தமானால்தான் உற்பத்தி. அந்த முதல் கரண்ட் எந்த வழியாகப் போகிறது தெரியுமா? சார்ஜ் விளக்கு வழியாகத்தான். சாவியில் இருந்து பல்பு, பல்பில் இருந்து டி பிளஸ் என்கிற முனை, அங்கிருந்து ரெகுலேட்டர், அப்புறம் ரோட்டருக்குப் போகும் டி எஃப் வயர், ரோட்டரின் செம்பு வளையத்தை உரசும் கார்பன் பிரஷ், ரோட்டர் காயில், இன்னொரு பிரஷ், எர்த். எல்லாம் ஒரே சங்கிலி. எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும், ஏசி கரண்டை டிசியாக்கும் டயோடு பலகையிலிருந்தே டி பிளஸ்ஸுக்கு வோல்டேஜ் வந்துவிடும். பல்பின் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், பல்பு அணையும்.

பழைய பத்மினியில் டைனமோ இருந்தது. அதில் அந்த விளக்கு வெறும் விளக்கு, ஃபியூஸ் போனாலும் டைனமோ தன் வேலையைப் பார்க்கும். இதில் விளக்கு மெஷினின் ஒரு பாகம். அந்தப் பல்பைக் கழற்றிப் பாருங்க. எத்தனை வாட்?


#5 | ஏரிக்கரை80 | செவ்வாய் இரவு 8:50

ஐயா, வெட்கமாக இருக்கிறது. பல்பே இல்லை. பழைய சொந்தக்காரர் எல்இடி மாட்டியிருக்கிறார். சின்ன வெள்ளை சாக்கெட்டுக்குள் சிவப்புப் புள்ளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருஷமாக அதை நான் திறந்ததே இல்லை.

அளவுகள்: ராத்திரி நின்ற பிறகு 12.5. ஐட்லிங்கில் விளக்குகளோடு 12.2. 3000-த்தில் 13.9. எல்லாம் குளிர்ந்த எஞ்சினில். இன்னொரு விஷயமும் இப்போதுதான் உறைக்கிறது. தினமும் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை 3000-க்கு மேல் முறுக்கினால்தான் அந்த விளக்கு அணையும். குட்ஸி என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது, உறுமினால்தான் விழிக்கும் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.


#6 | ஓம்விதி | செவ்வாய் இரவு 9:30

உறுமலுக்குக் காரணம் அந்த எல்இடிதான். 3 வாட் பல்பு என்றால் 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் விடும். எல்இடி விடுவது 20 மில்லி ஆம்பியர் பக்கம்தான். அந்தச் சொட்டுத் தண்ணீரில் ரோட்டர் காந்தமாகாது. இரும்பில் மிச்சம் ஒட்டியிருக்கும் காந்தத்தை நம்பி, வேகமாகச் சுற்றினால்தான் உற்பத்தி தொடங்கும். 3 வாட் பல்பு போடுங்கள். 1.2 வாட் குட்டிப் பல்பு வேண்டாம். சாக்கெட்டில் அதுதான் நுழையும் என்றால் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரைப் பேரலலில் கோர்த்து அந்தக் கால் ஆம்பியரைக் கொண்டுவாருங்கள்.

ஆனால் சுரங்கத்தில் மங்கலாக எரிந்ததற்கு இது முழு விடை இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.


#7 | ஏரிக்கரை80 | வியாழன் இரவு 7:15

3 வாட் பல்பு போட்டாயிற்று. சாவியைத் திருப்பினால் பளிச்சென்று எரிகிறது, ஸ்டார்ட் செய்ததும் 1500-க்குள் அணைந்துவிடுகிறது. உறுமல் தேவையில்லை. ஒரு சின்னப் பல்புக்காக இரண்டு பேட்டரி தொலைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாமா?


#8 | சூரிச்காரன் | வியாழன் இரவு 10:40

தம்பி, கொஞ்சம் பொறும். நானும் 82-ஆம் ஆண்டு எஸ்பி ஒன்று வைத்திருக்கிறன், இந்த லைற் கதை எனக்கும் நடந்தது. வீட்டு வாசலில் சரிவந்தது என்று பாட்டு வைக்காதையும். உம்முடைய பிழை சூட்டில்தான் வருகிறது என்று நீரே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர். ஒரு மணித்தியாலம் வடிவாக ஓடும். மீற்றரையும் பையில் கொண்டுபோம். பிறகு வந்து சொல்லும்.


#9 | ஏரிக்கரை80 | சனி மாலை 6:20

சூரிச் அண்ணை சொன்னதுதான் நடந்தது.

காலையில் மண்தெல்லோ தெல் லாரியோவுக்குக் கிளம்பினேன். வண்டி பிறந்த ஊர், இங்கிருந்து 60 கிலோமீட்டர் பக்கம். 1921-லிருந்து தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. லெக்கோ வரைக்கும் முள் அசையவில்லை. அபாதியா தாண்டும்போது டேஷ்போர்டு மீட்டர் மெதுவாகச் சரிய ஆரம்பித்தது. 12, அப்புறம் 11.8. இந்தத் தடவை சார்ஜ் விளக்கு எரியவே இல்லை, மங்கலாகக்கூட இல்லை.

ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பினேன். ஆயில் விளக்கு எரிகிறது, நியூட்ரல் எரிகிறது. சார்ஜ் விளக்கு மட்டும் இருட்டு. பல்புதான் ஃபியூஸ் போய்விட்டதோ என்று நினைத்தேன். எதிரே ஒரு பார் இருந்தது. காபி குடித்துவிட்டு அங்கிருந்த கிழவர்கள் வண்டியைச் சுற்றி வந்து ஆளுக்கொரு கருத்து சொன்னதைக் கேட்டுவிட்டு இருபது நிமிஷம் கழித்துத் திருப்பினால், பளிச்சென்று எரிகிறது! ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது, 13.8.


#10 | ஓம்விதி | சனி மாலை 7:05

அருமை. உங்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது.

காயில்காரர் சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்ற நிலையில் பல்பு எரிய வேண்டுமானால் மின்சாரம் ரோட்டர் வழியாக எர்த்துக்குப் போயாக வேண்டும். எரியவில்லை என்றால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சார்ஜ் விளக்கு எரியவில்லை, அதனால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடுவோம். இந்த மாதிரிக் கோளாறில் விளக்கு சத்தம் போடாமல் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும்.

சுரங்கத்து மங்கல் வெளிச்சமும் இப்போது புரிகிறது. ரோட்டர் பாதை அறுந்தாலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் தன் சொந்தச் செலவுக்குச் சில மில்லி ஆம்பியர் இழுக்கும். எல்இடிக்கு அது போதும், மினுக்கும். 3 வாட் இழைப் பல்புக்கு அது போதாது, அதனால் சுத்த இருட்டு. அந்த எல்இடி தெரியாமலேயே ஒரு உளவு வேலை பார்த்திருக்கிறது.

அடுத்து, அறுந்தது ரெகுலேட்டர் பக்கமா ரோட்டர் பக்கமா என்று பிரிக்க வேண்டும். சூட்டில், விளக்கு எரியாத அந்த நிலையிலேயே செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவி மட்டும் ஆன். ஆல்டர்னேட்டர் மூடியைத் திறந்து, பிரஷ் பிடிப்பில் இருக்கும் டி எஃப் வயரைப் பிடுங்கி, அதன் நுனியை எஞ்சின் உடம்பில் தொடுங்கள். பல்பு எரிந்தால் சாவி, பல்பு, ரெகுலேட்டர், வயர் எல்லாம் நிரபராதி. குற்றவாளி பிரஷ் அல்லது ரோட்டர். பல்பு குறுக்கே இருப்பதால் கால் ஆம்பியருக்கு மேல் போகாது, பயம் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.


#11 | காயில்காரர் | ஞாயிறு காலை 5:50

மூடியைக் கழற்றும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்க. ஆல்டர்னேட்டரிலிருந்து டயோடுக்குப் போகும் பெரிய வயர்கள் சாவியைக் கேட்டு வேலை செய்வதில்லை. மூடி திறந்து, எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு நெகட்டிவை மாட்டி ஓம்விதி சொன்ன சோதனையைச் செய்யுங்க.

அப்புறம் பிரஷ். இரண்டு கார்பன் கட்டியும் அதன் கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் டக்கென்று வெளியே வர வேண்டும். கார்பன் தூள் சேர்ந்து இறுகியிருந்தால் சூட்டில் மாட்டிக்கொள்ளும், அதுவும் இதே அறிகுறியைத்தான் காட்டும். கட்டை குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் போதாது.

பிரஷ் மாற்றும்போது ஒரு எச்சரிக்கைங்க. அதன் வால் செம்புப் பின்னல். சால்டர் வைத்தால் ஈயம் பஞ்சில் எண்ணெய் ஏறுவது மாதிரி அந்தப் பின்னலுக்குள் ஏறிவிடும். ஆறியதும் வால் கம்பி மாதிரி விறைக்கும், பிரஷ் நகராது. என் கடையில் பையன்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். சால்டர் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு மூக்குக் குறடால் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். சூடு குறட்டில் போய்விடும், ஈயம் ஏறாது.

ரோட்டரை அளப்பது சுலபம். பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு இரண்டு செம்பு வளையத்துக்கும் நடுவில் ஓம் பாருங்க. 3-லிருந்து 4-க்குள் வரணும். ஒவ்வொரு வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஒன்றும் வரக்கூடாது. வளையம் கறுத்திருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் துடைக்கலாம், எமரி துணி வேண்டாம், அதன் துகள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குளிர்ந்த ரோட்டர் நல்ல பிள்ளை மாதிரிதான் நடிக்கும். சூட்டோடு சூடாக அளங்க.


#12 | ஓம்விதி | ஞாயிறு காலை 8:10

ஒரு சின்னச் சேர்க்கை. சூட்டில் செம்பின் தடை கூடும். குளிரில் 3.6 என்றால் நூறு டிகிரியில் 4.7 பக்கம் காட்டும், அது நோய் இல்லை. எல்லையில்லா ஓம் என்று காட்டினாலோ, எண் குதித்தாலோதான் நோய்.


#13 | சந்தேகசாமி | ஞாயிறு காலை 9:00

இவ்வளவு நுட்பமா! நான் லித்தியம் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.


#14 | ஏரிக்கரை80 | புதன் இரவு 10:15

முதலில் முடிவு: ரோட்டர்தான்.

நேற்று மாலை ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, முள் சரிந்ததும் நேராக கராஜுக்கு வந்தேன். மூடி சுட்டது, கையுறையோடு கழற்றினேன். டி எஃப் வயரை எஞ்சினில் தொட்டேன், விளக்கு பளிச். சரி, ரெகுலேட்டர் பாவம், அதை நான் தேவையில்லாமல் மாற்றியிருக்கிறேன். பழசு இன்னும் டப்பாவில் இருக்கிறது. பிரஷ் இரண்டும் கூட்டுக்குள் நன்றாக ஏறி இறங்குகின்றன, ஒன்று மட்டும் மற்றதைவிடக் குட்டை. வளையங்களில் மீட்டர் முனைகளை வைத்தேன். ஒன்றுமே இல்லை, திறந்த சுற்று.

அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்டூல், ஒரு டார்ச், கையில் இரண்டு முனை. பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். திடீரென்று மீட்டரில் 41 வந்தது, அப்புறம் 9, மறுபடி ஒன்றுமில்லை, பிறகு 4.3. அங்கிருந்து மெதுவாக 3.7-க்கு இறங்கி நின்றது. தனியாகக் கராஜில் "ஆ!" என்று கத்தினேன், மேல்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

45 வருஷம் சுழன்ற காயில், அதன்மேல் கோபம் வரவில்லை. இப்போது அதைக் கழற்ற வேண்டும். எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.


#15 | சூரிச்காரன் | புதன் இரவு 11:30

சபாஷ் தம்பி. கழற்றும் விதம் கவனமாகக் கேளும், நான் பிழைவிட்டுப் படித்த பாடம்.

ரோட்டர், எஞ்சினின் கிராங்க் தண்டு நுனியில் கூம்பு மாதிரி ஒரு இடத்தில் இறுகியிருக்கும். முதலில் பிரஷ்ஷைத் தூக்கி, ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேற்றரைக் கழற்றி வெளியே எடும். இல்லாவிட்டால் பிரஷ் உடையும். பிறகு நடுவில் இருக்கும் ஆலன் போல்ற்றைக் கழற்றும். ரோட்டர் அசையாது. இழுக்காதையும், நெம்பாதையும், சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதையும். அந்த அடி கிராங்கில்தான் போய் விழும்.

போல்ற் ஓட்டைக்குள் கடினமான உருக்குத் துண்டு ஒன்றை விட்டு, அதன்மேல் போல்ற்றைத் திரும்பப் பூட்டினால், அது துண்டைத் தள்ளும், துண்டு கிராங்கைத் தள்ளும், ரோட்டர் "டொக்" என்று கழன்று வரும். நான் முதல் தடவை கையில் கிடைத்த சாதாரண இரும்புக் கம்பியைப் போட்டன். அது உள்ளேயே வாழைத்தண்டு மாதிரி வளைந்து பிதுங்கி இறுகிவிட்டது. அதை எடுக்க இரண்டு சனிக்கிழமை போனது. நல்ல ஆலன் சாவி ஒன்றை அளவுக்கு வெட்டி, நுனியை மட்டமாக அரைத்துப் போடும். இதற்கென்று செய்த போல்ற்றும் விற்கிறார்கள், வாங்கினால் நிம்மதி.

திரும்பப் பூட்டும்போது கூம்பு இரண்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையும். அதில் கிறீஸ் பூசக் கூடாது.


#16 | ஏரிக்கரை80 | சனி மதியம் 1:30

கழன்றது. ஆலன் சாவித் துண்டு வேலை செய்தது. அந்த "டொக்" சத்தம் வந்தபோது ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கையில் வைத்துப் பார்க்கிறேன். காயிலின் மேல் வார்னிஷ் தேன் நிறத்துக்குக் கறுத்திருக்கிறது. உள் வளையத்துக்குப் போகும் கம்பி, சால்டர் பொட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால், மயிரிழை போல விரிந்திருக்கிறது. நகத்தால் தொட்டால் அசைகிறது. குளிரில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நிற்கும், சூட்டில் விரிந்து விலகும் போலிருக்கிறது.

இப்போது கேள்வி: இதைச் சால்டர் வைத்துச் சரிசெய்யலாமா, புதுசு வாங்கலாமா?


#17 | காயில்காரர் | சனி மாலை 4:00

சரிசெய்யலாம். ஆனால் வெறும் சால்டர் வைத்தால் போதாதுங்க. அந்தக் கம்பி சுழற்சியின் வேகத்தில் ஆடி ஆடித்தான் அறுந்திருக்கிறது. முனையைச் சுரண்டி, மெல்லிய செம்பால் ஒரு தாங்கல் சுற்றி, சூடு தாங்கும் ஈயம் வைத்து, நூலால் கட்டி, ஓவனில் சுட்டு வார்னிஷ் ஊற்ற வேண்டும். என் கடையில் பஸ் ஆல்டர்னேட்டருக்குத் தினமும் செய்கிறோம். முழுக் காயிலையும் பிரித்துப் புதுசாகக் கட்டினால் இன்னும் நல்லது. 7000 ஆர்பிஎம்மில் சுற்றும் பொருள், எடை ஒரு பக்கம் சாயக்கூடாது.


#18 | ஓம்விதி | சனி மாலை 5:20

காயில்காரர் கையில் என்றால் நானும் கொடுப்பேன். ஆனால் ஏரிக்கரை80 இருப்பது மிலானில். பழக்கமில்லாத கையில் சால்டர் வைத்து மாட்டினால் அடுத்த வருஷம் ஏதோ ஒரு சுரங்கத்தில் மறுபடி நிற்பார். இந்த ரோட்டர் இன்னமும் புதிதாகக் கிடைக்கிறது, பிஎம்டபிள்யூ பாக்ஸர்காரர்களுக்கும் இதே சாதி தேவைப்படுவதால் சந்தை உயிரோடு இருக்கிறது. வாங்கும் முன் கூம்பும் விட்டமும் குட்ஸிக்கு உரியதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பார்க்க ஒன்று போலிருக்கும்.

மொத்தத்தையும் தூக்கிவிட்டு நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர் போடுபவர்களும் உண்டு. பிரஷ் இல்லை, விளக்குச் சங்கிலி இல்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பழுதானதை வழியோரத்தில் ஒரு பல்பையும் ஒரு வயரையும் வைத்துக் கண்டுபிடிக்க முடிகிற அமைப்பை எதற்காகத் தூக்கிப் போடுவது?


#19 | சூரிச்காரன் | சனி இரவு 8:45

நான் புதுசு வாங்கிப் போட்டன், பழசையும் திருத்தி அலுமாரியில் வைத்திருக்கிறன். இரண்டு பேர் சொல்வதும் சரி. பிரஷ் இரண்டையும் கையோடு மாற்றிவிடும் தம்பி.


#20 | ஏரிக்கரை80 | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:10

புது ரோட்டர், புது பிரஷ். பின்னலைக் குறடால் பிடித்துக்கொண்டுதான் சால்டர் வைத்தேன், ஐயா. பழைய ரோட்டர் பொட்டலமாகக் காத்திருக்கிறது, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கோயமுத்தூருக்குக் கொண்டுவருகிறேன்.

இரண்டு மணி நேரம் ஓட்டினேன். முள் சரியவில்லை. ஆனால் வந்து பேட்டரியில் வைத்தால், ஹெட்லைட்டோடு 3000-த்தில் 13.2 தான். டயோடு பலகையிலிருந்து பேட்டரிக்குப் போகும் முனையில் வைத்தால் 14.1. இது என்ன புதுக் கூத்து?


#21 | ஓம்விதி | ஞாயிறு இரவு 9:50

பழைய கூத்துதான், ரோட்டர் நாடகத்தில் மறைந்திருந்தது. ஆல்டர்னேட்டர் 14.1 செய்கிறது, பேட்டரிக்குப் போவதற்குள் 0.9 வோல்ட்டை வழியில் யாரோ சாப்பிடுகிறார்கள். இந்த ரெகுலேட்டர் பார்ப்பது டி பிளஸ்ஸை, பேட்டரியை அல்ல. தன் பக்கத்தில் 14 வந்ததும் திருப்தியாகி நிறுத்திவிடும்.

எஞ்சின் 3000-த்தில் ஓட, லைட் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை டயோடு பலகையின் அந்த முனையிலும் கறுப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். வருவது பிளஸ் பாதையில் தொலைவது. அப்புறம் எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வையுங்கள். அது எர்த் பாதையில் தொலைவது. இரண்டும் சேர்ந்து 0.3-க்குள் இருந்தால் நல்லது.


#22 | ஏரிக்கரை80 | ஒன்பது நாள் கழித்து, செவ்வாய் இரவு 8:30

பிளஸ் பாதையில் 0.7, எர்த்தில் 0.2.

வயரைப் பின்தொடர்ந்து போனேன். டேங்கைத் தூக்கினால், வயர் கட்டுக்குள் ஒரு இணைப்பு, மேலே கறுப்பு டேப். டேப்பை உரித்தால் பச்சைப் பொடி உதிர்கிறது. பழைய சொந்தக்காரர் (அதே எல்இடி மகாராஜா!) வெட்டிய வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புது முனை வைத்து இறுக்கினேன். எர்த் வயரைக் கியர்பாக்ஸில் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி மாட்டினேன்.

ஃபியூஸ் பெட்டியையும் திறந்தேன். இரண்டு பக்கமும் கூரான அந்தப் பழைய ஐரோப்பிய ஃபியூஸ்கள். நுனிகள் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தன. விரலால் உருட்டினாலே ஹெட்லைட் பிரகாசம் ஏறி இறங்கியது. ஆறையும் மாற்றி, பித்தளைக் காதுகளைத் துடைத்து, கொஞ்சம் உள்நோக்கி வளைத்துவிட்டேன்.

இப்போது பேட்டரியில் 13.9, சூட்டிலும். சனிக்கிழமை கோலிகோ வரை போய்வந்தேன், சுரங்கம் சுரங்கமாகப் பார்த்துக்கொண்டே. இருட்டுதான், நல்ல இருட்டு. சாவியைத் திருப்பினால் எரிகிற இருட்டு!

டேஷ்போர்டு மீட்டர் மட்டும் இன்னமும் 12.8 என்கிறது.


#23 | ஓம்விதி | செவ்வாய் இரவு 9:05

அது சாவி ஸ்விட்சைத் தாண்டி வருவதைக் காட்டுகிறது. ஹெட்லைட் கரண்ட் முழுக்க அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகிறது, அங்கே ஒரு வோல்ட் தொலைகிறது. ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே போட்டால் முள்ளும் ஏறும், வெளிச்சமும் கூடும், ஸ்விட்சும் பிழைக்கும். முதலில் நம்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.


#24 | ஏரிக்கரை80 | செவ்வாய் இரவு 9:20

ரிலே குளிர்காலத்துக்கு. இப்போதைக்குக் காட்டும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறேன். இனி தீர்ந்தது என்று குறிக்கலாம் என்று நினைக்கிறேன், சூரிச் அண்ணை அனுமதித்தால்.


#25 | சூரிச்காரன் | செவ்வாய் இரவு 11:10

குறியும், குறியும். அந்த வோல்ட் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் மணிக்கூடு ஓடுதோ?


#26 | ஏரிக்கரை80 | செவ்வாய் இரவு 11:14

நான் வாங்கிய நாளிலிருந்து நாலே காலில் நிற்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன்.